குச்சியா, உருண்டையா? செடி வைரஸ்கள் உறை கட்டும் இரண்டு விதம்

ஒரே புரதத்தைப் பல நகல்கள் போட்டுத் தங்கள் ஆர்.என்.ஏ.வைச் (மரபுச் செய்தி இழையை) சுற்றி உறை கட்டுவதில் செடி வைரஸ்கள் பெரும்பாலும் இரண்டே வழிகளைத்தான் பிடிக்கின்றன. திருகிக்கொண்டே நீளும் குச்சிக்குப் புகையிலை மொசைக் வைரஸ் உதாரணம், மூடிய உருண்டைக்குக் காராமணியைத் தாக்கும் சிசிஎம்வி (CCMV) என்ற வைரஸ்.

குச்சியில் சுமார் 2130 புரதங்கள் சுருள் படிக்கட்டு போல ஏறுகின்றன, மூன்று சுற்றுக்கு 49 படி. ஒவ்வொரு புரதமும் ஆர்.என்.ஏ.வில் மூன்று எழுத்துகளை (நியூக்ளியோடைடுகளை) பிடித்துக்கொள்கிறது, அதனால் நீளத்தை முடிவு செய்வது புரதம் இல்லை, ஆர்.என்.ஏ.தான்: ஏறத்தாழ 6400 எழுத்துக்கு 300 நானோமீட்டர், ஆர்.என்.ஏ. குட்டையானால் குச்சியும் குட்டை. பிரித்த புரதத்தையும் ஆர்.என்.ஏ.வையும் கலந்தாலே தொற்றக்கூடிய வைரஸ் திரும்பக் கிடைக்கிறது என்று 1955இலேயே ஃபிராங்கல்-கான்ராட், வில்லியம்ஸ் என்ற விஞ்ஞானிகள் காட்டிவிட்டார்கள்.

உருண்டைக்கு இந்தச் சவுகரியம் கிடையாது. எங்கேயாவது வளைந்து மூடியே ஆக வேண்டும். புரதங்கள் ஆறு ஆறாகவே சேர்ந்தால் தட்டையான தாள்தான் வரும், நடுநடுவே ஐந்து ஐந்தாகச் சேர்ந்தால்தான் வளைவு வரும். சிசிஎம்வியில் 12 ஐந்துகள், 20 ஆறுகள், மொத்தம் 180 புரதம். அச்சு அசலாக ஒரே புரதம், ஆனால் உட்காரும் இடம் மூன்று விதம், இடத்துக்குத் தகுந்தபடி கொஞ்சம் நெளிந்து கொடுக்கிறது. இந்தக் கணக்கை 1962இல் காஸ்பர், க்ளூக் என்ற விஞ்ஞானிகள் எழுதினார்கள். புரதங்கள் முதலில் இரண்டிரண்டாக ஜோடி சேர்கின்றன, ஒன்றின் வால் மற்றொன்றைக் கொக்கி போட்டுப் பிடித்திருக்கும்.

அவிழும் விதத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பக்கத்துப் பக்கத்துப் புரதங்களில் எதிர்மின்னேற்றம் கொண்ட அமிலத் தொகுதிகள் ஒன்றையொன்று தள்ளுகின்றன, கால்சியமோ புரோட்டானோ (ஹைட்ரஜன் அயனியோ) நடுவில் இருக்கும்வரை பிடி நிற்கும். செல்லுக்குள் கால்சியமும் புரோட்டானும் குறைவு, பிடி தளர்கிறது.

வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் ஆர்.என்.ஏ.வை எடுத்துவிட்டுப் பாருங்கள். அமிலக் கரைசலில் புகையிலை வைரஸின் புரதம் அளவே இல்லாமல் குச்சி கட்டிக்கொண்டு போகும். சிசிஎம்வியின் புரதமோ, உள்ளே ஒன்றுமே இல்லாவிட்டாலும் அதே 28 நானோமீட்டர் உருண்டையைக் கட்டி முடிக்கும். எனக்கு உருண்டை மேல்தான் பிரமிப்பு அதிகம், அளவு புரதத்துக்குள்ளேயே எழுதியிருக்கிறதே! அந்த அளவு எங்கே இருக்கிறது என்று தேடப் போனால், புரதச் சங்கிலியின் ஒழுங்கில்லாமல் தொங்கும் முன்முனையிலும் கொஞ்சம் இருக்கிறது: முதல் 34 அமினோ அமிலங்களை வெட்டிவிட்டால், அதே புரதம் 180 பேர் உருண்டையோடு அதைவிடச் சின்ன உருண்டைகளையும் கலந்து கட்ட ஆரம்பித்துவிடுகிறது.