இளையோர் தன்னார்வச் சேவை: ஒப்பந்தம் யாரோடு, காசு யார் வழியாக, கவனிப்பது யார்?

ஓர் இளைஞர் தன்னார்வத் திட்டத்தை எடைபோட அதன் நோக்க உரையைப் படிப்பதில் பயனில்லை. எந்த நாட்டில் எடுத்தாலும் அது ஒரே மாதிரிதான் இருக்கும். கேட்க வேண்டியவை மூன்று. இளைஞரோடு ஒப்பந்தம் போடுவது யார்? பணம் எந்த வழியாக வந்து சேர்கிறது? களத்தில் அவரைக் கவனிக்கும் ஆளுக்குச் சம்பளம் கொடுப்பது யார்? முதல் இரண்டுக்கும் என்னதான் அழகான ஏற்பாடு இருந்தாலும், மூன்றாவதற்கு விடை இல்லாத திட்டம் களத்தில் நொண்டும். பிரான்ஸ், ஜெர்மனி, அமெரிக்கா, இந்தியா ஆகிய நான்கு நாடுகளும் இதற்கு நான்கு விதமாக விடை கண்டிருக்கின்றன.

பிரான்ஸ்: எல்லாம் ஒரே முகமையின் கையில்

2010 மார்ச் 10 அன்று வந்த சட்டத்தில் பிறந்தது ‘செர்வீஸ் சிவீக்’ என்னும் குடிமைச் சேவைத் திட்டம். 16 முதல் 25 வயது வரை சேரலாம். மாற்றுத்திறனாளிகளுக்கு 30 வரை. சேவைக்காலம் 6 முதல் 12 மாதம், வாரத்துக்குக் குறைந்தது 24 மணி நேரம். படிப்புத் தகுதி கேட்கக் கூடாது என்பது விதி. பள்ளியைப் பாதியில் விட்டவரும் பட்டதாரியும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

தன்னார்வலரை ஏற்க விரும்பும் சங்கமோ நகராட்சியோ முதலில், திட்டத்தை நடத்தும் அரசு முகமையின் அங்கீகாரம் பெற வேண்டும். அது அதிகபட்சம் 3 ஆண்டுக்கு. தேசிய அளவிலான அமைப்புகளின் விண்ணப்பத்தை முகமையே பார்க்கிறது; உள்ளூர் அமைப்புகளுடையது மாவட்ட, மண்டல அரசு அலுவலகங்களுக்குப் போகிறது. உள்ளூரில் ஓர் அதிகாரி இருக்கிறார், ஆனால் அவர் முகமையின் நீட்சியே தவிர தனி அதிகார மையம் அல்ல.

இந்த ஏற்பாட்டின் பெரிய வசதி பணம் வரும் பாதையில் இருக்கிறது. மாதப் படித்தொகை சுமார் 600 யூரோ. அதில் 500 யூரோ அளவை அரசு நேராகத் தன்னார்வலரின் வங்கிக் கணக்கில் போடுகிறது. 100 யூரோவுக்குச் சற்று மேலான மீதியை மட்டும் ஏற்கும் அமைப்பு பணமாகவோ, உணவு, பயணம் என்றோ தர வேண்டும். சம்பளக் கணக்கு எழுத ஆளில்லாத சிறு சங்கத்துக்கு இது பெரிய சுமைக் குறைப்பு. அங்கீகாரம் வாங்கும் தெம்பும் இல்லையென்றால், ஏற்கெனவே அங்கீகாரம் பெற்ற கூட்டமைப்பு ஒன்று தன் பெயரில் ஆளை எடுத்து அந்தச் சங்கத்தில் அமர்த்தலாம். வழிகாட்டிக்கான செலவு என்று லாப நோக்கமற்ற அமைப்புகளுக்கு ஆளுக்கு மாதம் 100 யூரோவும் உண்டு. போதுமா என்றால் போதாது. ஆனால் அந்தச் செலவுக்கென்று ஒரு தலைப்பு இருப்பதே பெரிது.

கெடுவது எங்கே? வேலைக்கு ஆள் எடுக்காமல் தன்னார்வலரை வைத்து ஒப்பேற்றுவதில். ஊழியர் செய்யும் வேலையைத் தரக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. வரவேற்பு மேசையில் நாள் முழுதும் உட்கார வைக்கும் அலுவலகங்களும் இருக்கத்தான் செய்கின்றன. இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. அந்த இளைஞர் ஒரு வாரம் வராவிட்டால் அலுவலகம் நின்றுபோகுமா? நிற்குமென்றால் அது தன்னார்வப் பணி அல்ல, நிரப்பப்படாத பணியிடம். அங்கீகார விண்ணப்பத்தில் ‘தேவைக்கேற்ற உதவிகள்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதும் இடங்களில்தான் இது அதிகம் நடக்கும்.

ஜெர்மனி: ஒரே வேலைக்கு இரண்டு கதவு

இளைஞர் ஓர் ஆண்டு சமூகப் பணி செய்யும் ‘தன்னார்வச் சமூக ஆண்டு’க்கு 1964-லேயே சட்டம் போட்ட நாடு இது. திருச்சபை நல அமைப்புகள், செஞ்சிலுவைச் சங்கம் போன்ற நடத்துநர் அமைப்புகள்தான் இதன் முதுகெலும்பு. அவற்றுக்கு அங்கீகாரம் தருவது மாநிலம். பின்னர் கட்டாய ராணுவ சேவை நிறுத்தி வைக்கப்பட்டதும், அதற்கு மாற்றாக மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் வேலை செய்துவந்த இளைஞர் கூட்டம் ஒரேயடியாக நின்றுபோனது. அந்த இடைவெளியை நிரப்ப 2011 ஜூலை 1 அன்று மத்திய அரசு தன் சொந்தத் தன்னார்வச் சேவையைத் தொடங்கியது. பழைய வழி 27 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. புதியதில் வயது வரம்பே இல்லை.

விளைவு விசித்திரமானது. ஒரே மருத்துவமனையில், ஒரே தளத்தில், இரண்டு இளைஞர்கள் ஒரே வேலையைச் செய்வார்கள். ஒருவருடைய ஒப்பந்தம் நடத்துநர் அமைப்போடு, இன்னொருவருடையது மத்திய அரசோடு. இரண்டு வகை விதி, இரண்டு வகைக் கணக்கு. இதை ஒன்றாக்கிவிட்டால் என்ன என்று கேட்கலாம். அதிகாரம் மாநிலத்திடமா மத்தியிலா என்ற இழுபறி தீராமல் அது நடக்காது.

ஆனாலும் நான்கில் தரத்துக்கு முதலிடம் ஜெர்மனிக்குத்தான் தருவோம். 12 மாத சேவையில் 25 நாள் பயிலரங்கு கட்டாயம், அந்த நாட்கள் பணி நாட்களாகவே கணக்கிடப்படும். ஏறத்தாழ 40 தன்னார்வலருக்கு ஒரு முழுநேரக் கல்வி வழிகாட்டி என்பது நடைமுறை அளவுகோல். சமூகக் காப்பீட்டுத் தொகை முழுவதையும் அமைப்பே கட்டுகிறது. கைச்செலவுப் பணத்துக்கு உச்சவரம்பு உண்டு; 2024-ல் அதை உயர்த்தியதோடு, 27 வயதுக்குட்பட்டோர் பகுதிநேரமாகச் சேரவும் வழி திறந்தார்கள். வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் என்பது நிபந்தனை.

இங்கே சிக்கல் நாட்காட்டியில் இருக்கிறது. சேவை ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்குகிறது; நிதியாண்டோ ஜனவரியில். அடுத்த ஆண்டின் மத்திய மானியம் எவ்வளவு என்று தெரியாமலேயே நடத்துநர் அமைப்புகள் வசந்த காலத்தில் ஒப்பந்தம் போட வேண்டியிருக்கிறது. 2024 நிதிநிலை வரைவில் வெட்டு முன்மொழியப்பட்டபோது அவை பதறியது இதனால்தான்.

அமெரிக்கா: ஆளுநரின் ஆணையம்

1993 சட்டத்தின் வழி உருவானது அமெரிகார்ப்ஸ் என்னும் மத்திய அரசின் தன்னார்வச் சேவைத் திட்டம். வாஷிங்டன் பணத்தின் ஒரு பகுதியை மாநில சேவை ஆணையங்களுக்கு அனுப்புகிறது. அவற்றின் 15 முதல் 25 உறுப்பினர்களை ஆளுநர் நியமிக்கிறார். உள்ளூர் அமைப்புகளுக்கு மானியம் பிரிப்பதும் கண்காணிப்பதும் ஆணையத்தின் வேலை. மேலே நிதி, நடுவில் தேர்வு, கீழே செயல் என்று தாளில் பார்த்தால் இதுவே மிகச் சமச்சீரான அமைப்பு.

முழுநேர சேவை 1,700 மணி நேரம். முடித்தவருக்குக் கல்லூரிக் கட்டணத்துக்கோ கல்விக் கடனுக்கோ ஒரு கல்விப் பரிசுத்தொகை. தக்க தனிப்பட்ட காரணம் இன்றி 1,690 மணி நேரத்தில் விலகினால் அதில் ஒரு டாலரும் இல்லை. எனவே வருகைப் பதிவேடு இங்கே உயிர்நாடி. மொத்த நேரத்தில் பயிற்சி 20 விழுக்காட்டையும் நிதி திரட்டல் 10 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது. குற்றப் பின்னணிச் சோதனையை முடிக்காமல் ஆளைச் சேர்த்தால் அவருக்கான செலவைத் தணிக்கையில் ஏற்க மாட்டார்கள். சிறு அமைப்புகள் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் இதுதான்.

இன்னொரு பொறி, சொந்தப் பங்கு. முதல் 3 ஆண்டுகள் செலவில் 24 விழுக்காடு அமைப்பு போட வேண்டும். படிப்படியாக ஏறி 10-ஆம் ஆண்டில் 50 விழுக்காடு. நன்கொடையாளர் நிறைந்த நகரத்து அமைப்பு சமாளித்துவிடும், சிற்றூர் அமைப்பு திணறும். 2025 ஏப்ரலில் 40 கோடி டாலரை ஒட்டிய மானியங்கள் திடீரென ரத்தானபோது நடுவில் இருந்த மாநில ஆணையம் கேடயமாக இருக்க முடியவில்லை. தேர்ந்தெடுக்கும் அதிகாரம் மாநிலத்திடம் இருந்தாலும் கஜானா சாவி மேலேதான் இருக்கிறது என்பது அப்போது தெரிந்தது.

இந்தியா: கல்லூரி வழியும் மாவட்ட வழியும்

1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம், மற்ற மூன்றையும் போல முழுநேரம் அல்ல. ஆண்டுக்கு 120 மணி நேரம், 2 ஆண்டில் 240, கூடவே 7 நாள் சிறப்பு முகாம். 100 மாணவர் கொண்ட அலகுக்கு ஒரு திட்ட அலுவலர். அவர் கல்லூரி ஆசிரியர். பாடம், தேர்வு, விடைத்தாள் எல்லாவற்றுக்கும் நடுவில் இதையும் பார்க்கிறார். கிடைப்பது சிறு கைச்செலவுப்படி. ஜெர்மனியில் 40 பேருக்கு ஒரு முழுநேர ஆள், இங்கே 100 பேருக்கு ஒரு பகுதிநேர ஆள். திட்டத்தின் பலவீனம் முழுவதும் இந்த ஒப்பீட்டிலேயே இருக்கிறது.

பணத்தைப் பார்ப்போம். முகாமுக்கு ஆளுக்கு 450 ரூபாய் என்ற விகிதம் நெடுங்காலம் இருந்தது. 7 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளுக்கு 65 ரூபாய்கூட வராது. மூன்று வேளைச் சாப்பாடு, பயணம், கருவிகள் எல்லாம் அதற்குள். ஊர்ப் பெரியவர்கள் அரிசி மூட்டை கொடுத்துத்தான் பல முகாம்கள் நடந்தன. முன்பு மத்திய, மாநிலப் பங்கு 7:5 என்றிருந்ததால், ஒரு பங்கு வந்து மற்றது வராமல் முகாம் முடிந்த பிறகு காசு வரும் நிலையும் இருந்தது. 2016-க்குப் பின் முழுச் செலவும் மத்திய அரசினுடையது. இழுபறி குறைந்தது; கூடவே மாநிலத்துக்கு இருந்த அக்கறையும் குறைந்தது.

கல்லூரிக்கு வெளியே இருப்பவர்களுக்கு 1972-ல் பிறந்த நேரு யுவ கேந்திரா. மாவட்ட அலுவலகம், ஊர் இளைஞர் மன்றங்கள், வட்டாரத்துக்கு இருவர் வீதம் மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியத்தில் தேசிய இளைஞர் தொண்டர்கள் என்பது அதன் கட்டமைப்பாக இருந்தது. 2023 அக்டோபர் 31 அன்று வந்த மத்திய அரசின் ‘மை பாரத்’, 15 முதல் 29 வயதினரை ஒரே இணையத் தளத்தில் பதிவு செய்ய வைக்கிறது. பதிவெண்ணிக்கை வேகமாக ஏறும். பதிந்தவரை ஒரு வேலையோடும் ஒரு வழிகாட்டியோடும் இணைக்க மாவட்டத்தில் ஆள் வேண்டும். அது தளத்தால் ஆகாது.

எதை எங்கிருந்து எடுக்கலாம்

சொந்தமாகத் திட்டம் தொடங்க நினைக்கும் மாநகராட்சியோ மாவட்ட நிர்வாகமோ இந்த நான்கில் எதையும் அப்படியே எடுக்க வேண்டியதில்லை. படித்தொகையை பிரான்ஸைப் போல நேராக வங்கிக் கணக்குக்கு அனுப்பலாம். இடையில் கை மாறாது. அமெரிக்கச் சொந்தப் பங்கு விதியைச் சிறு அமைப்புகள் மேல் சுமத்த வேண்டாம். ஜெர்மனியிலிருந்து எடுக்க வேண்டியது வழிகாட்டி விகிதம். கையில் இருக்கும் தொகைக்கு 200 பேரைச் சேர்க்க முடியுமென்றால், 120 பேரைச் சேர்த்து மீதியில் 3 முழுநேர வழிகாட்டிகளை வைப்பதே எங்கள் பரிந்துரை. எண்ணிக்கை குறைந்துவிட்டதே என்று மேலிருந்து கேள்வி வரும். பாதியில் விலகுவோர் பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் பதில் சொல்லலாம்.

நாட்டு நலப்பணித் திட்டத்தைப் பொறுத்தவரை பெரிய சீர்திருத்தம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. திட்ட அலுவலருக்கு 3 ஆண்டு, நீட்டித்தால் இன்னும் ஓர் ஆண்டு என்ற வரம்பு உண்டு. அவர் மாறும்போது தத்தெடுத்த கிராமத்தின் தொடர்பும் அறுந்து, அடுத்தவர் புது ஊரில் முதல் சர்வேயிலிருந்து தொடங்குகிறார். கடைசி ஆண்டிலேயே அடுத்த ஆசிரியரைத் துணைக்குச் சேர்த்து, கிராம விவரப் பதிவேடு, ஊராட்சியோடு ஒத்துக்கொண்ட வேலைகள், பாதியில் நிற்கும் பணிகள், பயன்பாட்டுச் சான்றிதழ் நிலுவை ஆகிய நான்கையும் எழுத்தில் கைமாற்றினால் ஒரு வருட உழைப்பு மிஞ்சும்.