கோத்தகிரியில் காய்ச்சல், பர்மிங்ஹாமில் கேள்விகள்

பர்மிங்ஹாமிலிருந்து போய், மூன்று வாரம் கோத்தகிரியில் சித்தி வீட்டில் இருந்துவிட்டு வந்தேன். கிளம்பும் முன் ஊசி, மாத்திரை என்று எதையும் விசாரிக்கவில்லை. சொந்த ஊருக்கு, அதுவும் மலைக்குப் போக என்ன ஊசி?

போன இரண்டாம் நாளே வீட்டுக்குப் பின்னால் மண்டிக்கிடந்த புதரை வெட்டினேன். பன்னிரண்டாம் நாள் நடுங்கிக்கொண்டு காய்ச்சல் வந்தது. கண்ணுக்குப் பின்னால் அப்படி ஒரு வலி. "தண்ணி மாறினதுதான்" என்று சித்தி மிளகுக் கஷாயம் வைத்தார். மறுநாள் ஒரு தனியார் லேபில் "காய்ச்சல் பேக்கேஜ்" எடுத்தேன். நீளமான ரிப்போர்ட்டில் டைபாய்டுக்குப் பார்க்கும் வைடால் என்ற ரத்தப் பரிசோதனை மட்டும் லேசாக பாசிட்டிவ். டைபாய்டாக இருக்கலாம் என்றார் கவுன்டரில் இருந்த பையன். ஒரே ஒரு வைடாலை வைத்து டைபாய்டு என்று முடிவு கட்டக்கூடாது என்பது எனக்கும் அப்போது தெரியாது.

சித்தப்பா பிடிவாதமாக அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். ஓ.பி. சீட்டுக்குக் காசில்லை, வரிசைதான் நீளம். டாக்டர் அம்மா ரிப்போர்ட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சட்டையைக் கழற்றச் சொன்னார். அக்குளில் பீடியால் சுட்டதுபோல் ஒரு கருப்புப் பொருக்கு. வலியே இல்லாததால் நான் கவனிக்கவில்லை. "உண்ணிக் காய்ச்சல். புதருக்குள்ள போனீங்களா?" என்றார். புதரில் இருக்கும் சிற்றுண்ணி கடித்து வரும் இதை ஸ்க்ரப் டைபஸ் என்று சீட்டில் எழுதி, ரத்தமும் எடுத்துக்கொண்டு, முடிவுக்குக் காத்திருக்காமல் டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், காலை மாலை என்று கொடுத்துவிட்டார். நிறையத் தண்ணீரோடு விழுங்கணும், விழுங்கியதும் படுக்கக்கூடாது என்றும் சொன்னார். இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. லேபில் எடுத்த பேக்கேஜில் ஸ்க்ரப் டைபஸுக்கான பரிசோதனையே இல்லை.

பர்மிங்ஹாம் திரும்பியும் அசதி போகவில்லை. அங்கே டாக்டர் அரை மணி நேரம் கேள்வி கேட்டார். எங்கே தூங்கினாய், ஆற்றில் குளித்தாயா, நாய் கடித்ததா, கொசுவலை உண்டா. "நீலகிரி, குளிர் பிரதேசம், அங்கே ஏது மலேரியா" என்று சொல்லி முடித்துவிடப் பார்த்தேன். அவர் விடவில்லை. யோசித்தால், மேட்டுப்பாளையத்தில் ஓர் இரவு, மசினகுடியில் இரண்டு இரவு தங்கியிருக்கிறேன். மலை என்று ஒரே சொல்லில் சொன்னாலும் ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல், மசினகுடி அதில் பாதி உயரம்கூட இல்லை. 1897இல் ஊட்டிக்கு வந்த பிரிட்டிஷ் டாக்டர் ரொனால்ட் ராஸ், கீழே சீகூர் மலைச்சரிவுப் பக்கம் போய்த்தான் மலேரியா வாங்கிக்கொண்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததும் அவர்தான்.

அதனால் மலேரியாவுக்கும் ரத்தம் எடுத்தார்கள். ஒரு தடவை இல்லை என்று வந்தால் போதாதாம், அடுத்த நாட்களிலும் மறுபடி பார்த்தார்கள். மூன்றிலும் இல்லை. ஆனாலும் விவாக்ஸ் வகை ஈரலில் மாதக்கணக்கில் பதுங்கிக் கிடந்து கிளம்பும், அதனால் எப்போது காய்ச்சல் வந்தாலும் பயணத்தைச் சொல்லு என்றார்கள்.

எதிர்பாராதது ஒன்று. ஈசினோஃபில் என்ற வெள்ளணு கூடியிருந்தது. "சின்ன வயதில் எத்தனை வருஷம் வெறுங்காலோடு நடந்தாய்?" என்று கேட்டார் டாக்டர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பள்ளிக்கூடம் முடியும் வரை, டாக்டர்! அந்த அணு கூடுவதற்குப் புழுவும் ஒரு காரணமாம். மண்ணிலிருந்து பாதம் வழியாக ஏறும் ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற புழு பல பத்தாண்டுகள் சத்தமில்லாமல் குடலில் இருக்குமாம். பின்னாளில் ஆஸ்துமாவுக்கோ வேறெதற்கோ ஸ்டீராய்டு கொடுத்தால் பெருகி உயிருக்கே ஆபத்தாகலாமாம். அதற்கும் ரத்தம் போயிருக்கிறது, முடிவு இன்னும் வரவில்லை.

கோத்தகிரி ஓ.பி. சீட்டை டாக்டர் கேட்டு வாங்கி நகல் எடுத்துக்கொண்டார். காய்ச்சல் வந்த தேதி, பொருக்கு இருந்த இடம், மருந்தின் அளவு எல்லாம் அதில்தான் இருந்தது. போனில் சித்தியிடம் சொன்னேன். "ஐயோ, அந்தச் சீட்டை அடுப்பு பத்தவைக்க எடுத்தேன், சித்தப்பாதான் பிடுங்கி உன் பையில வச்சார்" என்றார்.