புயலுக்கு முன் மரத்தைக் கழிக்க ஆள் கூப்பிட்டு, 18,500 ரூபாயையும் மரத்தையும் இழந்தேன்

பருவமழை தொடங்குவதற்குள் வீட்டு மரங்களைக் கழித்துவிட வேண்டும் என்று ஆள் தேடிக்கொண்டிருப்பவர்கள், முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கடந்த சனிக்கிழமை எங்கள் நங்கநல்லூர் வீட்டில் நடந்தது இது. என் அப்பா 1988இல் நட்ட ருமானி மாமரத்தை, 18,500 ரூபாய் கொடுத்து நானே மொட்டையடிக்க வைத்துவிட்டேன். எந்தப் பருவத்தில் எப்படிக் கவாத்து செய்ய வேண்டும், வருகிற ஆளிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்பதை எல்லாம் கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

மரம் வீட்டின் மேற்குப் பக்கம், மதிற்சுவரிலிருந்து ஆறடி தள்ளி நிற்கிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது எங்கள் தெருவில் தூங்குமூஞ்சி மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன; எங்கள் மாமரம் ஒரே ஒரு கிளையை இழந்ததோடு நின்றுவிட்டது. இந்த ஆண்டு அதன் ஒரு பெரிய கிளை பக்கத்து வீட்டுக் கார் நிறுத்தும் தகரக் கூரைமேல் தாழ்ந்துவிட்டது. இன்னொன்று எங்கள் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் உரசிக்கொண்டிருந்தது. அந்த இரண்டையும், உள்ளே காய்ந்து நின்ற குச்சிகளையும் எடுக்க வேண்டும் என்பது மட்டுமே என் தேவை.

வீட்டு வேலைகளுக்குக் கைப்பேசிச் செயலி மூலம் ஆள் அனுப்பும் நிறுவனம் ஒன்றில் பதிவு செய்தேன். குழாய் பழுது, ஏசி சுத்தம் ஆகியவற்றோடு ‘மரப் பராமரிப்பு’ என்றும் ஒரு பிரிவு அதில் இருந்தது. வியாழக்கிழமை மேற்பார்வையாளர் ஒருவர் வந்தார். அவர் மரத்தைப் பார்த்த விதத்தில்தான் நான் ஏமாந்தேன். வந்ததும் விலை பேசவில்லை. அடிமரத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சிறிது நேரம் மேலே பார்த்தார். எட்டிய ஒரு காய்ந்த குச்சியை ஒடித்து, அதன் உள்நிறத்தை என் அம்மாவிடம் காட்டினார். “அம்மா, இது வயசான மரம். கத்தி வச்சிருக்கிறவன் எல்லாம் இதுல கை வைக்கக் கூடாது. எங்கப்பாவும் மரமேறிதான்” என்றார். அம்மா உடனே அப்பா இந்த மரத்தை நட்ட கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டார்; அவரும் நின்று முழுவதையும் கேட்டார். அவ்வளவு பொறுமையாகக் கேட்ட மனிதரிடம், எந்தக் கிளையை எங்கே வெட்டுவீர்கள் என்று எழுதிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அங்கேயே நின்று 10,000 ரூபாய் முன்பணம் அனுப்பினேன். மீதி 8,500 வேலை முடிந்ததும் என்று பேச்சு.

சனிக்கிழமை வந்தவர்களில் அவர் இல்லை. இயந்திர வாளுடன் இரண்டு இளைஞர்களும், கயிறு பிடிக்க ஒருவரும் வந்தார்கள். எந்தெந்தக் கிளை என்று கீழே நின்று கையால் காட்டிவிட்டு, அலுவலக அழைப்பு ஒன்றுக்காக நான் உள்ளே போனேன். நாற்பது நிமிடம் கழித்து அம்மா கத்திய குரல் கேட்டுத்தான் வெளியே ஓடி வந்தேன். முற்றத்தில் ஒருபோதும் விழாத வெயில் விழுந்திருந்தது. மரத்தில் ஒரு இலை இல்லை. தொடை பருமனுள்ள ஐந்து கிளைகள் வெறும் முண்டுகளாக வானத்தைப் பார்த்து நின்றன.

அவற்றில் ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். கனமான கிளையை வெட்டும்போது முதலில் அடியிலிருந்து சற்று அறுத்துவிட்டு, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துப் பாரத்தை இறக்க வேண்டும்; பிறகுதான் மிச்சமுள்ள முண்டை எடுக்க வேண்டும். இவர்கள் மேலிருந்து ஒரே வெட்டாக அறுத்திருக்கிறார்கள். பாதி அறுக்கும்போதே கிளை தன் பாரத்தில் முறிந்து, அடிமரத்தின் பட்டையை மூன்றடி நீளத்துக்கு உரித்துக்கொண்டு விழுந்திருக்கிறது. உரிந்த இடம் ஈரமாக, வெளிர்மஞ்சளாக இருந்தது. ஓரத்தில் பால் துளித்துளியாகக் கசிந்துகொண்டிருந்தது. மற்ற வெட்டுவாய்களில் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். “மருந்து சார்” என்றார் ஒருவர். டப்பாவைப் பார்த்தேன்; அது இரும்புக் கதவுக்கு அடிக்கும் எனாமல்.

நான் கேட்காமலே பின்பக்கத் தென்னையிலும் ஏறி, பச்சை மட்டைகளை வெட்டிவிட்டு உச்சியில் நான்கு மட்டை மட்டும் விட்டிருந்தார்கள். பச்சை மட்டைதான் தென்னைக்குச் சோறு. அந்தக் காயங்களின் வாசனைக்கு, தென்னையைக் குடைந்து அழிக்கும் சிவப்புக் கூன்வண்டு வந்து சேரும்.

தடித்த கட்டைகள் எல்லாம் அதற்குள் அவர்களுடைய குட்டி யானையில் ஏறிவிட்டன. தழையைத் தெருவில் குவித்துவிட்டார்கள். அதை அள்ள நான் தனியாகக் கொடுத்த கூலியை இந்த 18,500 ரூபாயில் சேர்க்கவில்லை. இந்தக் குழப்பத்தின் நடுவில் அந்த இளைஞர்களில் ஒருவர் என்னிடம் ஓடிபி கேட்டார். “வண்டி கிளம்பணும் சார், எண் சொன்னாத்தான் கேட் பாஸ் மாதிரி விடுவாங்க. மீதியை எங்க சாரே வந்து பேசுவாரு” என்றார். சொன்னேன். அந்த நான்கு இலக்கத்துக்கு ‘வேலை திருப்திகரமாக முடிந்தது’ என்று பொருள் என்பதும், மீதி 8,500 ரூபாய் என் கணக்கிலிருந்து தானாகவே போய்விடும் என்பதும் அடுத்த நிமிடம் வந்த குறுஞ்செய்தியில்தான் தெரிந்தது.

எங்கள் அடுத்த தெருவில் தோட்டக்கலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் இருக்கிறார். அன்று மாலை வந்து பார்த்துவிட்டு அவர் சொன்னது பணம் போனதைவிட அதிகமாக வலித்தது. மா, முற்றிய நுனிக் கொம்பில்தான் பூக்கும்; மார்கழி, தையில் பூக்க வேண்டிய நுனிகள் அத்தனையும் போய்விட்டதால் வருகிற கோடையில் காய் கிடையாது. காய்ப்பு முடிந்த கையோடு ஆடி, ஆவணியில்தான் கவாத்து செய்திருக்க வேண்டுமாம். மழைக்கு முந்தைய வாரத்தில் காய்ந்த குச்சியையும் ஆபத்தான கிளையையும் தவிர எதையும் தொட்டிருக்கக் கூடாதாம். கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் ஒரு வளையம்போலப் புடைத்திருக்கும். அதற்கு வெளியே ஒட்டி வெட்டினால் மரம் தானே புதுப் பட்டையால் காயத்தை மூடிக்கொள்ளும். நடுவில் முண்டாக விட்டால் மூட முடியாது. நம் ஊர் ஈரப்பதத்தில் பூஞ்சை பிடித்து, முண்டிலிருந்து உள்மரம்வரை உளுத்துப்போகும். எனாமல் பூசுவது ஈரத்தை உள்ளேயே அடைத்து அந்த வேலையைச் சுலபமாக்கும். உரிந்த பட்டையில் தண்டுத் துளைப்பான் வண்டு முட்டையிடும்.

புயலுக்குப் பயந்துதான் இதைச் செய்தேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார். இந்த முண்டுகளைச் சுற்றி இனிக் கொத்துக் கொத்தாகப் போத்துகள், அதாவது புதுக் கொம்புகள், கிளம்பும். அவை பட்டைக்கு அடியிலிருந்து மட்டும் வருவதால் பழைய கிளையைப்போல மரத்துக்குள் பதிந்திருக்காது. நான்கைந்து ஆண்டில் அவை கனத்ததும், காற்றில் முதலில் பிய்ந்து விழப்போவது அவைதான். வர்தாவைத் தாங்கிய மரம் அது.

நிறுவனத்தைக் கூப்பிட்ட கதை இனி. மேற்பார்வையாளர் முதல் முறை எடுத்தார்: “ஆறு மாசத்துல தளதளன்னு வந்துடும் சார், நீங்களே போட்டோ அனுப்புவீங்க.” அதற்குப் பிறகு என் எண்ணை அவர் எடுக்கவே இல்லை. செயலியின் உரையாடலில் ‘உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம்’ என்று ஒரே வாக்கியம் மூன்று வெவ்வேறு பெயர்களில் வந்தது. நான்காவதாகப் பேசிய பெண், ஓடிபி கொடுத்துவிட்டதால் புகார் ஏற்க முடியாது என்றார். ஐந்தாமவர், நான் தேர்ந்தெடுத்த பிரிவிலேயே ‘உயரம் குறைத்தல்’ அடங்கும் என்றும், உயரம் குறைந்திருப்பது படத்திலேயே தெரிகிறது என்றும் விளக்கினார். செவ்வாய்க்கிழமை, அடுத்த பதிவில் பயன்படுத்திக்கொள்ள 300 ரூபாய் தள்ளுபடிக் கூப்பன் அனுப்பினார்கள். 18,500 ரூபாய்க்கு 300 ரூபாய்! அதுவும் இன்னொரு மரத்தை அவர்களிடமே கொடுத்தால்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்துவிட்டேன். தேவைப்பட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன்.

விரிவாக எழுதுகிறேன் என்று சொன்னேன். இப்போது நேரமில்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். எந்தக் கிளை என்று சுண்ணாம்பால் மரத்திலேயே குறியிட்டு, படமெடுத்து, அவர்களுக்கு அனுப்பிவிட்டு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். ஒரே தடவையில் கால் பங்குக்கு மேல் தழையை எடுப்பேன் என்பவரை ஏற விடாதீர்கள். வாள் ஓடும்வரை மரத்தடியை விட்டு நகராதீர்கள். மின்கம்பி அருகில் இருந்தால் மின்வாரியத்தில் சொல்லி இணைப்பை நிறுத்தாமல் ஆளை ஏற்றாதீர்கள். கட்டை யாருக்கு என்பதை விலை பேசும்போதே பேசுங்கள். மரத்தைச் சுற்றிவந்து பார்க்காமல் ஓடிபி சொல்லாதீர்கள்.

முண்டுகளை ஒழுங்காகத் திருத்தி வெட்டிவிட்டு, ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, பத்து லிட்டர் தண்ணீர் என்ற கணக்கில் பூஞ்சையைத் தடுக்கும் போர்டோ பசை தடவச் சொல்லியிருக்கிறார் ஐயா. இத்தனை ஆண்டு நிழலிலேயே இருந்த பட்டை வெயிலில் வெடிக்காமல் இருக்க, மற்றக் கிளைகளுக்கு வெள்ளைச் சுண்ணாம்பும் அடிக்க வேண்டும். அவர் அனுப்பிய ஆள் வந்துவிட்டார். மேற்கு வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். இந்த முறை மரத்தடியிலேயே நாற்காலி போட்டு உட்காரப் போகிறேன். அம்மா ஏற்கெனவே அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.