கஸ்டம் ஏர் ரைஃபிள் என்று நம்பி 38,500 ரூபாயை விட்டேன்

கோபத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பார்சல் போன வியாழக்கிழமை வந்தது. இன்று ஞாயிறு ராத்திரி. இந்த நாலு நாளும் கடையில் யார் என்ன கேட்டார்கள், நான் என்ன எடுத்துக் கொடுத்தேன் என்று எனக்கே தெரியாது. நேற்று ஒருவருக்கு வாட்டர் பம்ப் சீலுக்குப் பதில் ஆயில் சீலைக் கொடுத்து அனுப்பி, அவர் திரும்பி வந்து திட்டிவிட்டுப் போனார்.

போனது 38,500 ரூபாய். சீட்டு எடுத்த காசு. வீட்டில் சொன்னது 18,000 என்று. அந்தப் பஞ்சாயத்து தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது.

யாரிடம் என்று பெயர் சொல்லப் போவதில்லை. ஏன் என்பது படித்தால் புரியும். வீடியோ சேனல் வைத்துக்கொண்டு, "உங்க உடம்புக்கு அளவெடுத்து ரைஃபிள் செஞ்சு தர்றோம்" என்று சொல்கிற ஆட்களில் ஒருவன். இப்போதைக்கு அது போதும்.

எனக்கு மண்டபம் பக்கம் படகு இஞ்சின் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. நான் பீச்சாங்கைக்காரன். இந்த விஷயத்தில் அதுதான் முக்கியம். சின்ன வயதில் ஏர்வாடி சந்தனக்கூட்டுக்குப் போனால் பலூன் சுடுகிற கடையை விட்டு நகர மாட்டேன். துப்பாக்கியை இடது தோளில் வைத்தவுடன் கடைக்காரர், "டேய், கை மாத்திப் பிடி" என்பார். மாற்றிப் பிடித்தால் ஒரு பலூன்கூட வெடிக்காது. பெரியவனான பிறகுதான் விஷயம் விளங்கியது. ஸ்டாக்கில், அதாவது தோளில் வைக்கிற கட்டையில், கன்னம் சாய்வதற்கு ஒரு மேடு வைத்திருப்பார்கள். வலதுகைக்காரருக்கு அது இடப்பக்கம் இருக்கும். நமக்கு அந்த மேடு எப்போதும் எதிர்ப்பக்கம்தான். கன்னம் உட்காராவிட்டால் கண் நேராகாது, கண் நேராகாவிட்டால் குறி ஏது?

அப்புறம் வளரி, வீசி எறிகிற வளைந்த ஆயுதம். எங்களுக்குச் சிலம்பம் சொல்லிக்கொடுத்த வாத்தியார் வளரியும் கற்றுக்கொடுத்தார். மெல்லிய முனையைப் பிடித்து, தோளுக்கு மேல் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, கனமான தலை முன்னே போகும்படி விட வேண்டும். அவர் ஒருநாளும் என் கையை மாற்றச் சொன்னதில்லை. "உனக்கு அந்தக் கைதான் கை" என்றார், அவ்வளவுதான். அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. பொட்டலில் வளரி வீசினால் ஆடுமாடு, ஆள் நடமாட்டம் என்று நூறு தொல்லை. அதனால் ஏர் ரைஃபிள் ஆசை வந்தது. வீட்டு மாடியில் 10 மீட்டர் அளந்து, அட்டையில் சுட வேண்டும். வேறு எதற்கும் இல்லை. எங்கள் பக்கம் ஏர்கன் என்று சொன்னவுடன் "கொக்கு சுடவா?" என்றுதான் கேட்பார்கள். சுற்றிலும் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் என்று பறவைகள் சரணாலயம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அது கிடக்கட்டும், எனக்கு அதில் மனமும் இல்லை.

இடதுகைக்கு ஏற்ற ஸ்டாக் எங்கள் பக்கத்துக் கடைகளில் இல்லை. தேடும்போதுதான் அவன் வீடியோ கண்ணில் பட்டது. ஏப்ரல் கடைசி. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. 61 நாள் விசைப்படகு போகாது, கடையில் ஈ ஓட்டுகிற நேரம். அந்த நேரத்தில் எதையும் வாங்காதீர்கள் என்று தனியாக ஒரு பதிவே போடலாம்.

நான் எப்படி விழுந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். விலை குறைவு என்று விழவில்லை. அவன் கேட்ட கேள்விகளில் விழுந்தேன்.

முதல் போனிலேயே, "அண்ணே, முழங்கையை மடக்கி, மடிப்பிலேருந்து ஆள்காட்டி விரல் முதல் ரேகை வரைக்கும் அளந்து போட்டோ எடுத்து அனுப்புங்க. அந்த நீளம்தான் ஸ்டாக்" என்றான். தையல்காரரிடம் டேப்பை வாங்கி வந்து, மகளை விட்டு அளக்கச் சொன்னேன். பதிமூணே முக்கால் அங்குலம். அடுத்து, "எந்தக் கண்ணு அண்ணே உங்களுக்கு ஆளுற கண்ணு? கழுத்து நீளமா, குட்டையா?" என்றான். இதெல்லாம் தெரியாதவன் கேட்கிற கேள்வியா? என்னைப் பார்க்காமலேயே எனக்குச் சட்டை தைப்பது மாதிரி இருந்தது.

ஊரைக் கேட்டான். சொன்னேன். "அய்யோ, வளரி மண்ணாச்சே அண்ணே!" என்று ஆரம்பித்தவன் இருபது நிமிஷம் நிறுத்தவில்லை. எழும்பூர் மியூசியத்தில் தந்தத்தில் செய்த வளரி இருக்கிறதாம் (இருக்கிறது, நானே பார்த்திருக்கிறேன்). கம்பெனிப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற வெள்ளைக்காரனுக்கு வளரி வீசக் கற்றுக்கொடுத்தது சின்ன மருதுதானாம். அதுவும் உண்மைதான். "உங்க ஸ்டாக்குல ஒரு வளரி செதுக்கித் தர்றேன் அண்ணே, அதுக்குக் காசு வேணாம்" என்றான். எனக்கு வாத்தியார் ஞாபகம் வந்துவிட்டது. அன்று சாயங்காலமே முன்பணம் 15,000 போட்டேன்.

அந்த வெல்ஷ் கதைக்கு ஒரு மிச்சம் உண்டு. வளரி கற்றுக்கொண்ட அதே ஆள்தான் 1801-இல் மருது சகோதரர்களைப் பிடிக்கப் போன படையிலும் இருந்தான். அந்த மிச்சத்தை இவன் சொல்லவில்லை. தெரிந்திருந்த நானும் யோசிக்கவில்லை.

45 நாள் என்றான். தடைக்காலம் முடிந்து படகு கடலுக்குப் போய்விட்டது, ரைஃபிள் வரவில்லை. கேட்டால், "மரம் காயுது அண்ணே, ஈரத்துல கடைஞ்சா வெடிச்சிரும்." சரி, நியாயம். அடுத்த மாதம், "பாலிஷ் போட்டிருக்கு, மழை." அதற்கடுத்து, "செதுக்குற ஆளு சபரிமலைக்கு மாலை போட்டிருக்கார்." ஜூலையில்! மாதப் பூஜைக்குப் போவார்கள்தான், இருந்தாலும் மாலையோடு எத்தனை வாரம்? ஆகஸ்ட் முதல் வாரம் ஒரு போட்டோ வந்தது. பளபளவென்று செம்மண் நிறத்தில் ஸ்டாக், வேங்கை மரமாம். பக்கவாட்டில் எடுத்த படம், மேடு தெரியவில்லை. "பேலன்ஸ் போட்டா நாளைக்கே அனுப்பிருவேன்." 23,500 போட்டேன். ஆக 38,500.

பார்சலின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் 'மர அலங்காரப் பொருள்' என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்தவுடனே வயிற்றைப் பிசைந்தது.

பிரித்தேன். தோளில் வைத்தேன். கன்னத்து மேடு இடப்பக்கம். என் கன்னத்துக்கு வழுவழுவென்று வெறும் மரம். டேப்பை எடுத்து ஸ்டாக்கை அளந்தால் பன்னிரண்டு அங்குலம்கூட இல்லை. சின்னப் பையன்களுக்கு விற்கிற சாதாரண ஏர்கனின் கட்டை அது. வளரி? இருந்தது. ஸ்டிக்கர்! புள்ளிப் புள்ளியாகக் கோலம் போட்ட ஆஸ்திரேலியா பூமராங் படம். ஓரம் ஏற்கெனவே பிய்ந்திருந்தது. எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. மகள் சிரித்துவிட்டாள்.

பக்கத்தில் வத்தை கட்டுகிற ஆசாரி ஒருவர் இருக்கிறார், எனக்கு மாமா முறை. கொண்டுபோய்க் காட்டினேன். வாங்கிக் கையில் ஒரு தூக்குத் தூக்கினார். "வேங்கையா? வேங்கைன்னா கை சொல்லுமே மாப்ளே" என்றார். அடிப்பக்கம், தோளில் படுகிற ரப்பரைக் கழற்றி, உளி முனையால் ஒரு நகக்கண் அளவு சுரண்டினார். சிவப்பு, பொடியாக உதிர்ந்தது. உள்ளே வெளேரென்று மாமரமோ ரப்பர் மரமோ. நடுவில் ஒரு முடிச்சு இருந்த இடத்தில் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்திருந்தான். "பாலிஷ்காரன் கெட்டிக்காரன்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

இதுவரைக்கும் நடந்தது ஏமாற்று. இதற்குமேல்தான் எனக்குத் தூக்கம் போனது.

ரைஃபிள் வரும்போது பெல்லட்டுக்கு (ஏர்கன் குண்டுக்கு) என்ன செய்வது என்று 4.5 மில்லிமீட்டர் பெல்லட் ஒரு டப்பா முன்பே வாங்கி வைத்திருந்தேன். பேரலை, அதாவது குழலை, மடக்கி ஒன்றை வைத்தேன். நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு போய் அந்தப் பக்கம் டீ கிளாஸில் 'டிங்' என்று விழுந்தது. இன்னொன்று. டிங். செல்போன் டார்ச்சை அடித்து உள்ளே பார்த்தேன். ரைஃபிள் என்ற பேரே குழலுக்குள் ஓடுகிற சுருள் வரியால் வந்தது. அந்த வரி பெல்லட்டைச் சுழற்றி விடுவதால்தான் நேராகப் போகும். இதற்குள் ஒரு வரி இல்லை, டீசல் பைப் மாதிரி இருந்தது. வெர்னியரை வைத்தேன். ஐந்தரை மில்லிமீட்டர்.

விவரம் தெரியாதவர்களுக்கு: 2016 ஆயுத விதிகளின்படி, குழலின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போனாலோ, பெல்லட் பாயும் ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போனாலோ ஏர் ரைஃபிளுக்கும் லைசென்ஸ் வேண்டும். நான் ஆர்டர் கொடுத்தது 4.5. வீட்டில் இருப்பது 5.5. லைசென்ஸ் இல்லை. அதுவும் எங்கே? இலங்கை கூப்பிடு தூரத்தில் இருக்கிற கடற்கரையில். ராத்திரி கரையில் டார்ச் அடித்தாலே யார், என்ன என்று விசாரிக்கிற ஊர்.

போன் போட்டேன். முதலில், "தோளு பழகிரும் அண்ணே." அளவைச் சொன்னதும், "பேக்கிங் பசங்க மாத்தி அனுப்பியிருப்பாங்க, திருப்பி அனுப்புங்க, செலவு உங்களது." 5.5-ஐக் கூரியரில் போடச் சொல்கிறான், வழியில் பிடித்தால் அனுப்புநர் பெயர் என்னுடையது! பணத்தைக் கொடு என்றேன். "கஸ்டம் வேலைக்கு ரீஃபண்டு கிடையாது அண்ணே." போலீஸுக்குப் போவேன் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் அதே அன்பான குரலில், "போங்க அண்ணே. லைசென்ஸ் இல்லாத 5.5 உங்க வீட்டுலதான இருக்கு, என் வீட்டுல இல்லையே" என்றான்.

அதோடு என் நம்பரை பிளாக் செய்துவிட்டான். வீட்டுக்காரம்மா போனிலிருந்து அடித்தேன். "சொல்லுங்க மேடம், எந்தக் கண்ணு உங்களுக்கு ஆளுற கண்ணு?" என்றான். வைத்துவிட்டேன். என்ன பேசுவது?

சின்னம்மா மகன் வக்கீல். அவன்தான் பயத்தைத் தெளியவைத்தான். "ஒளிச்சு வைக்கிறதுதான்ணே தப்பு. ஆர்டர் கொடுத்த மெசேஜ்ல 4.5-ன்னு இருக்கு, பணம் போட்ட ரசீது இருக்கு, பார்சல் சீட்டு இருக்கு. நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு, நாமளே கொண்டுபோய் ஒப்படைப்போம்." நாளைக் காலை பத்து மணிக்கு அவனோடு போகிறேன். அதுவரைக்கும் இந்தச் சனியன் கோணியில் சுற்றிப் பரணில் கிடக்கிறது. பெயர் சொல்லாத காரணமும் அதுதான். புகார் பதிவாகும் வரை வாயைத் திறக்காதே என்பது வக்கீல் உத்தரவு. இந்தப் பதிவே அவனுக்குத் தெரியாது.

என்ன செய்ய வேண்டும் என்று விளக்கமாக எழுத உட்கார்ந்தேன், இப்போது மணி ஒன்று, தலை வலிக்கிறது. சுருக்கமாக. ஒழுங்கான கடைக்காரர் ஏர்கன் விற்கும்போதும் உங்கள் அடையாள அட்டை, முகவரிச் சான்று கேட்பார். இவன் ஒன்றும் கேட்கவில்லை, நான் அதை வசதி என்று நினைத்தேன். "செகண்டுக்கு ஆயிரம் அடி போகும்" என்று எவனாவது பெருமை அடித்தால் கணக்குப் போடுங்கள்: அரை கிராம் பெல்லட் அந்த வேகத்தில் போனால் 23 ஜூல், லைசென்ஸ் வரம்பைத் தாண்டிவிட்டது. நான் கடை பில்லின் பின்பக்கம் இந்தக் கணக்கைப் போட்டது வெள்ளிக்கிழமை. ஏப்ரலில் போட்டிருக்க வேண்டும். பணம் போனதும் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள், நாலு மாசம் கழித்து என்னை மாதிரி அடிக்காதீர்கள். மேட்டுப் பக்கத்தைப் போட்டோவில் கேளுங்கள். பேரலை மடக்கி வீடியோ கேளுங்கள். வேறு ஒன்றும் தோன்றவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மகள் போனைக் கொண்டுவந்து நீட்டினாள். அவன் புது வீடியோ போட்டிருக்கிறான். 'இடதுகைக்காரர்களுக்கு ஸ்பெஷல்' என்று தலைப்பு. முகப்புப் படத்தில் மடக்கிய முழங்கை, மேலே மஞ்சள் தையல் டேப், பதிமூணே முக்காலில் ஒரு சின்ன விரல். மணிக்கட்டுக்குக் கீழே தூண்டில் முள் கிழித்த நீளத் தழும்பு தெரியும். அந்தப் படம் உங்கள் கண்ணில் பட்டால் பணம் போடாதீர்கள். அது என் கை. டேப்பைப் பிடித்திருப்பது என் மகள்.