கொழுப்பு குறைகிறதா என்று பார்க்க எடை மெஷின் போதுமா? நீண்ட நாள் பயன்படுத்தியவரின் அனுபவம்

ஒரு வருடத்துக்கும் மேலாக, அநேகமாகத் தினமும் காலையில் டிஜிட்டல் எடை மெஷினில் ஏறி எடை பார்த்து வருகிறேன். உடம்பில் சேர்ந்த கொழுப்பைக் குறைப்பதுதான் நோக்கம். மெஷினை நம்பலாமா என்று கேட்டால், என் பதில் இது: அன்றன்றைக்குக் காட்டும் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். வாரச் சராசரியை நம்பலாம், அதுவும் இஞ்ச் டேப்பைத் துணைக்கு வைத்துக்கொண்டு.

முதலில் மெஷினைச் சோதித்துவிடுங்கள். கெட்டியான, சமமான தரையில்தான் வைக்க வேண்டும். கால்மிதி, தரைவிரிப்பு மேல் வைத்தால் எண் மாறிவிடும். சில மாடல்களில் இன்னொரு விஷயமும் உண்டு. சற்று முன் காட்டிய எடைக்கும் இப்போதைய எடைக்கும் வித்தியாசம் சிறியதாக இருந்தால், பழைய எண்ணையே திரும்பக் காட்டிவிடும். மூன்று முறை ஏறினாலும் ஒரே எடை காட்டுகிறதே, எவ்வளவு துல்லியம் என்று நாம் நினைத்துக்கொள்வோம். இதைக் கண்டுபிடிக்க, ஒரு முறை எடை பார்த்துவிட்டு, கையில் கால் லிட்டர் தண்ணீரோடு மறுபடி ஏறுங்கள். எண் அசையவே இல்லை என்றால் மெஷின் பழையதைத்தான் சொல்கிறது. ஒவ்வொரு முறையும் நடுவில் கனமான ஏதாவது ஒரு பொருளை அதன் மேல் வைத்து எடுத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். மற்றபடி மெஷின் எப்போதும் அரை கிலோ கூடுதலாகக் காட்டினாலும் பரவாயில்லை. நமக்கு வேண்டியது வித்தியாசம்தான்.

உண்மையான சிக்கல் மெஷினில் இல்லை, உடம்பில் இருக்கும் தண்ணீரில் இருக்கிறது.

ஒரு கிலோ உடற்கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் ஒரு கிலோ கொழுப்பு ஏற வேண்டுமானால், உடம்புக்குத் தேவையானதற்கு மேல் அத்தனை கலோரியைச் சாப்பிட்டிருக்க வேண்டும். ஒரு நாளில் சாதாரணமாக யாரும் அவ்வளவு சாப்பிடுவதில்லை. ஆனால் ஒரு கிலோ ஏற்றத்தை நான் பல முறை பார்த்திருக்கிறேன். உப்பு தூக்கலான சாப்பாடு, இரவு நேரம் கழித்துச் சாப்பிட்டது, மலச்சிக்கல், தூக்கம் கெட்டது, கால்களுக்கு நன்றாக வேலை கொடுத்து மறுநாள் தசை வலித்தது என்று ஏதாவது ஒன்று முந்தின நாள் நடந்திருக்கும். இரண்டு மூன்று நாளில் அது தானாக இறங்கிவிடும். பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும் இப்படித் தண்ணீர் சேரும்.

இறக்கமும் இதே கதைதான். மாவுச்சத்தைக் குறைத்த முதல் வாரத்தில் இரண்டு கிலோ போனது என்று பலர் துள்ளிக் குதிப்பதைப் பார்க்கிறேன். தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரை சுமார் அரை கிலோ அளவுக்கு இருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். முதலில் வெளியேறுவதில் பெரும்பகுதி அதுதான். பழையபடி சாப்பிட்டதும் அது திரும்ப வந்து உட்கார்ந்துவிடும். அதைக் கண்டு மனம் உடைந்து எல்லாவற்றையும் விட்டுவிடுகிறவர்களை நினைத்தால்தான் எனக்கு வருத்தம். அவர்கள் இழந்த கொழுப்பு திரும்ப வரவே இல்லை, தண்ணீர் மட்டும்தான் வந்தது.

சராசரி எப்படி உதவுகிறது என்பதற்கு ஓர் உதாரணம். ஒரு வாரத்தின் எடைகள் 78.6, 78.2, 79.3, 78.9, 78.4, 78.1, 78.3. அடுத்த வாரம் 78.0, 78.4, 78.7, 78.2, 77.8, 77.9, 78.3. இரண்டு வாரமும் கடைசி நாள் எடை 78.3தான். வாரத்துக்கு ஒரு முறை அந்த நாளில் மட்டும் ஏறிப் பார்க்கிறவர், ஒன்றுமே குறையவில்லை என்று நினைப்பார். சராசரி போட்டால் 78.5 ஆக இருந்தது 78.2 ஆகியிருக்கிறது. காலையில் கழிவறை போய்விட்டு வந்ததும், தண்ணீர்கூடக் குடிப்பதற்கு முன், ஒரே மாதிரி உடையில் பாருங்கள். மாதவிடாய் வருகிறவர்கள் போன சுழற்சியின் அதே வாரத்தோடு ஒப்பிடுவது நல்லது.

அப்புறம் இஞ்ச் டேப். எடைப் பயிற்சி புதிதாகத் தொடங்கியவர்களுக்கு இது கட்டாயம் வேண்டும். தசை கொஞ்சம் கூடி, தண்ணீரும் சேர்ந்து, கொழுப்பு குறைவதை மெஷினில் மறைத்துவிடும். எனக்கும் எடை வாரக்கணக்கில் நகராமல் நின்றது, அதே சமயம் பெல்ட்டில் ஒரு துளை உள்ளே போயிற்று. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபின், டேப்பை இறுக்காமல் அளக்க வேண்டும். வாரம் ஒரு முறை போதும்.

கொழுப்புச் சதவீதம் காட்டும் மெஷின்களைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். கால் வழியாக மிக லேசான மின்சாரத்தை அனுப்பி, அதற்கு உடம்பு தரும் தடையை அளந்து, வயது, உயரம், பாலினம் ஆகியவற்றோடு ஒரு சூத்திரத்தில் போட்டு வருகிற ஊகம் அது. கால் மட்டும் வைக்கும் மாடலில் மின்சாரம் பெரும்பாலும் கால்களிலும் இடுப்புப் பகுதியிலுமே ஓடுகிறது. உடம்பில் நீர் குறைந்தாலும் கூடினாலும் எண் மாறும். விளையாட்டு வீரர் என்ற செட்டிங் இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள். அதே நிமிடத்தில், அதே உடம்புக்கு, சதவீதம் சட்டென்று இறங்கும். அந்த எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை என்பதே என் கருத்து. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்த வகை மெஷினில் ஏறவே கூடாது.

சராசரியும் டேப்பும் மூன்று நான்கு வாரம் சேர்ந்தாற்போல அசையாமல் இருந்தால்தான் நான் சாப்பாட்டில் கை வைப்பேன். அதற்கு முன் எதையும் மாற்றுவதில்லை.

காலையில் பார்த்த எண் அன்றைய மனநிலையையே கெடுக்கிறது, அதற்காகப் பட்டினி கிடக்கத் தோன்றுகிறது என்றால் மெஷினைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு டேப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். சில நாளிலேயே இரண்டு கிலோவுக்கு மேல் ஏறி, கால் வீக்கமோ மூச்சுத்திணறலோ கூடவே இருந்தால், சராசரிக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.