நைட்ஃபால்: குண்டு புக்கா, ஒல்லித் தொகுதிகளா?

பேட்மேனைத் தலைக்கு மேல் தூக்கித் தன் முழங்காலில் போட்டு முதுகெலும்பை முறித்த புது வில்லன் பேய்ன். முறிந்து கிடந்தவர் எழுந்து நடந்து, மறுபடி பயிற்சி எடுத்து, தன் முகமூடியைத் திரும்ப வாங்க வரும் காமிக்ஸ் கதை நைட்ஃபால். 1993, 1994 ஆண்டுகளில் ஏழெட்டு வெவ்வேறு இதழ்களில் சிதறி வந்த இந்தக் கதையை இன்று ஆங்கிலத்தில் பல வடிவங்களில் வாங்கலாம்: பல இதழ்களை ஒன்றாகச் சேர்த்த கெட்டி அட்டைக் குண்டு புத்தகமான ஹார்ட்கவர் ஆம்னிபஸ், 2012-ல் வந்த மூன்று தடித்த பேப்பர்பேக்குகள், 2018-ல் இருபத்தைந்தாம் ஆண்டையொட்டி வந்த ஒன்பது ஒல்லி பேப்பர்பேக்குகள், பழைய ஒற்றை இதழ்கள், டிஜிட்டல். மதுரையில் வைத்துப் படிக்கப்போகிறவருக்கு என் ஓட்டு அந்த ஒல்லித் தொகுதிகளுக்குத்தான். காரணம் முக்கால்வாசி பைண்டிங். ஆனால் முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்பதை முடித்துவிடலாம்.

நைட்ஃபால் என்ற பெயரில் எண் போட்டு வந்த பாகங்கள் 19. பேட்மேன் 492-ல் தொடங்கி, டிடெக்டிவ் காமிக்ஸ் 659-க்குத் தாவி, இரண்டுக்கும் மாறி மாறிப் போய் பேட்மேன் 500-ல் முடியும். முதுகு முறிவது 11-ஆம் பாகம், பேட்மேன் 497. இடையில் 13, 14 ஆகிய இரண்டு பாகங்கள் மட்டும் ஷோகேஸ் 93 என்ற வேறொரு இதழின் 7, 8 எண்களில் போய் உட்கார்ந்திருக்கின்றன. ஒற்றை இதழாகச் சேர்க்கிறவர்கள் வழக்கமாகத் தவறவிடுவது இந்த இரண்டைத்தான்.

அதன் பிறகு கதை இரண்டாகப் பிரியும். ஒரு பக்கம், விழுந்தவருக்குப் பதிலாக பேட்மேன் உடுப்பை மாட்டிக்கொண்ட ழான் பால் வேலி கொஞ்சம் கொஞ்சமாகக் கை மீறிப் போவது. இன்னொரு பக்கம், சக்கர நாற்காலியில் இருக்கும் அசல் பேட்மேன் புரூஸ் வெய்ன், கடத்தப்பட்ட மருத்துவர் ஷாண்ட்ரா கின்சால்விங்கைத் தேடிப் போவது. முதுகு குணமாவது இந்த இரண்டாவது கிளையில்தான். 2012-ன் மூன்று தொகுதிகளில் அது இல்லை. முதல் தொகுதியில் முதுகு முறிகிறது, மூன்றாவதில் ஆள் நடந்து வருகிறார், எப்படி என்ற கேள்விக்கு விடை கிடையாது. மீண்டு வருகிறவனைப் பற்றிய கதையில் மீள்வதையே விட்டுவிட்ட பதிப்பை நான் யாருக்கும் சொல்லமாட்டேன், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும். 2018 வரிசையில் அந்தத் தேடல் பகுதி தனித் தொகுதியாகவே வந்திருக்கிறது. வேறு எந்தப் பதிப்பை எடுத்தாலும் உள்ளடக்கப் பக்கத்தில் ஜஸ்டிஸ் லீக் டாஸ்க் ஃபோர்ஸ் 5, 6, ஷேடோ ஆஃப் தி பேட் 21 முதல் 23, லெஜண்ட்ஸ் ஆஃப் தி டார்க் நைட் 59 முதல் 61 இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

ஒல்லித் தொகுதிகளில் இன்னொரு வசதி: ஒன்பதையும் வாங்கத் தேவையில்லை. நைட்ஃபால் ஒன்று, இரண்டு, தேடல் தொகுதி, கடைசி மோதல் வரும் நைட்ஸ்எண்ட் என நான்கு இருந்தால் வில்லன் வருவதும் நாயகன் விழுவதும் எழுவதும் கைக்கு வந்துவிடும். பேய்ன் சாண்டா பிரிஸ்கா தீவின் சிறைக்குள் வளர்ந்த கதை 1993 ஜனவரியில் தனிச் சிறப்பிதழாக வந்தது. அது எந்தத் தொகுதியில் சேர்ந்திருக்கிறது என்று பார்த்து அதையும் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. வேலியின் ஆட்டம் நீளம். அந்த இரண்டு தொகுதிகளைப் பிறகு வாங்கலாம், இரவலும் வாங்கலாம்.

இனி பைண்டிங். பேப்பர்பேக் என்றாலே தாள்களின் முதுகைச் சீவி, சூடான பசையை ஊற்றி, அட்டையை ஒட்டுவது. பசை பிடிப்பது தாளின் நாரில். வழவழப்பான ஆர்ட் தாளின் மேல்பூச்சு அந்த நாரை மூடிக்கொண்டிருப்பதால் சாதாரண நாவல் அளவுக்குப் பிடிப்பு வராது. இதோடு தடிமனைச் சேருங்கள். 2012 தொகுதிகள் ஒவ்வொன்றும் 600 பக்கத்தைத் தாண்டும். நடுப்பக்கத்தை விரித்துப் பிடிக்க இரண்டு கட்டை விரலாலும் அழுத்தியாக வேண்டும். அழுத்த அழுத்த முதுகில் வெள்ளைக் கோடு விழும். அந்தக் கோடு விழுந்த இடத்தில்தான் ஒரு நாள் பசை பிளந்து, புத்தகம் இரண்டு கட்டாகிக் கையில் வரும். அழுத்தாமல் படித்தாலோ, இரண்டு பக்கத்துக்குப் பரவிய படங்களில் நடு ஒரு சென்டிமீட்டர் மடிப்புக்குள் போய்விடும். ஒல்லித் தொகுதியும் பசைதான், ஆனால் அது பாதி தானாகவே விரியும், முதுகுக்கு அந்த அளவு பாரம் ஏறாது.

மதுரை வெயில் இதில் தனிக் கணக்கு. சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தொடும் ஊரில், பார்சல் வண்டிக்குள்ளோ நிறுத்திவைத்த காருக்குள்ளோ சூடு அதைவிட இன்னும் ஏறும். அந்தச் சூட்டில் பசை இளகும். இளகிய நிலையில் விரித்தால் தாள் முதுகிலிருந்து நழுவிக் கோணலாக நிற்கும், ஆறியதும் அதே கோணத்தில் இறுகிவிடும். ஆகவே கோடையில் வந்த பார்சலை அன்றைக்கே பிரித்துப் புரட்டாதீர்கள். ஒரு இரவு தரைமட்டத்தில், படுக்கையாகக் கிடக்கட்டும். மறுநாள் முதுகை மேசையில் ஊன்றி, முன்னட்டையையும் பின்னட்டையையும் இருபுறமும் சாயவிட்டு, முன்னாலிருந்து ஒரு எட்டுப் பத்துத் தாள், பின்னாலிருந்து ஒரு எட்டுப் பத்துத் தாள் என்று மாற்றி மாற்றி இறக்கி, மடிப்போரத்தில் விரலால் மெல்ல நீவிக்கொண்டே நடுவுக்கு வாருங்கள். பத்து நிமிட வேலை. இதைச் செய்த புத்தகத்துக்கும் செய்யாததற்கும் ஒரே வருடத்தில் வித்தியாசம் தெரியும்.

ஆம்னிபஸ் நூல் தைத்ததாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை என்பது உண்மை. தைத்ததா என்று பார்க்க, புத்தகத்தை மூடி முதுகின் மேல் ஓரத்தைக் கவனியுங்கள். தாள்கள் சின்னச் சின்னக் கட்டுகளாக, ஒவ்வொன்றும் மடிந்த வளைவோடு தெரிந்தால் தையல். ஒரே சீராக வெட்டிய சுவர் போலத் தெரிந்தால் பசை. தைத்த ஆம்னிபஸ் மேசையில் தட்டையாக விரியும். இந்த ஒன்றில் அதை எந்தப் பேப்பர்பேக்கும் மிஞ்சாது. ஆனால் அதற்கு வேறு வியாதி உண்டு. கெட்டி அட்டை உள்தாளைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீண்டிருக்கும். நிறுத்தி வைத்தால் அட்டைதான் அலமாரியில் நிற்கும், தாள்கட்டு அந்தரத்தில் தொங்கும். இரண்டு கிலோவைத் தாண்டும் கட்டு மாதக்கணக்கில் தொங்கினால், மேல் மூலையில் உள்ளட்டைத் தாள் மடிப்போடு கிழியத் தொடங்கும். படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் தாள்கட்டின் அடியில் அட்டைத் துண்டு வெட்டி முட்டுக் கொடுக்க வேண்டும். படுத்துக்கொண்டு படிக்கிறவர், பஸ்ஸில் படிக்கிறவர் இதை மறந்துவிடலாம். ஆம்னிபஸ் மேசையோடு மேசையாக இருக்கும் புத்தகம்.

மழைக்காலத்தை மறந்துவிடக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் ஆர்ட் தாள் ஈரம் பட்டால் பக்கம் பக்கமாக ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் படம் உரிந்து வரும், அதற்கு வைத்தியம் கிடையாது. ஒரு ஒல்லித் தொகுதி நனைந்தால் நான்கில் ஒன்று போச்சு. ஆம்னிபஸ் நனைந்தால் கதையில் ஒரு பெரிய பங்கு போச்சு. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையின் மேல் பரணும் வேண்டாம், மேற்குச் சுவரை ஒட்டிய ஷெல்ஃபும் வேண்டாம். இரும்பு பீரோவில் வைத்தால் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, வாரம் ஒரு முறை திறந்து காற்றாட விடுங்கள். ராமபாணப் பூச்சிக்குப் பாச்சை உருண்டையைத் துணியில் முடிந்து ஷெல்ஃப் மூலையில் வைக்கலாம், அட்டையில் படக் கூடாது. பக்கங்களுக்கு நடுவே வேப்பிலை வைக்கும் நம் வீட்டு வழக்கம் இந்தத் தாளுக்கு ஆகாது. பச்சை இலையின் ஈரமும் கறையும் படத்தில் இறங்கும்.

ஒற்றை இதழ்கள் பற்றிச் சுருக்கமாக. அவற்றில் ஒரே ஒரு உயர்வு, நிறம். ஏட்ரியன் ராயின் வண்ணங்கள் மலிவுத் தாளை மனத்தில் வைத்துப் போடப்பட்டவை. மங்கலான தாளில் அடங்கி நிற்கும் அதே மஞ்சளும் ஊதாவும் வழவழப்பான மறுபதிப்பில் கண்ணைக் குத்தும். முத்து காமிக்ஸின் பழைய சாணித்தாள் இதழையும் புது ரீப்ரிண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஆனால் மறுவிற்பனையை நம்பி ஒற்றை இதழில் இறங்காதீர்கள். 1993 என்பது அமெரிக்காவில் காமிக்ஸை முதலீடாக நினைத்து ஆளாளுக்கு வாங்கிக் குவித்த காலம். பேட்மேன் 500-ன் வெட்டுவேலை அட்டைப் பதிப்பைக் கூட அவ்வளவு பேர் பத்திரப்படுத்தியதால் இன்றும் அது மலிவு. விலை நிற்பது பேய்ன் முதன்முதலில் வந்த சிறப்பிதழுக்குத்தான். போதாக்குறைக்கு நடுப்பின் மழைக்காலத்தில் துருப்பிடித்து மடிப்பில் பழுப்பு இறங்கும்.

டிஜிட்டல், பத்து அங்குலத் திரை இருந்தால், கதையை ஒரு முறை படிக்கப் போதும். இரவல் கொடுக்கவும் முடியாது, விற்கவும் முடியாது.

விற்பதைப் பற்றி உறுதியாகச் சொல்ல எனக்குக் கை வராது. மதுரையில் ஆங்கில காமிக்ஸ் தொகுதிகள் கை மாறுவது பெரும்பாலும் தெரிந்தவர்களுக்குள்தான், அதற்கென்று ஒரு சந்தை விலை இல்லை. ஒல்லித் தொகுதியைத் தனித்தனியாகக் கேட்க ஆள் இருக்கிறது என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

கடைசியாக, முதுகு விட்ட புத்தகத்தை பைண்டிங் கடைக்குக் கொண்டுபோகும் முன் ஒரு விஷயம். நம் ஊர்க் கடைகளில் கணக்கு நோட்டு, பாடப்புத்தகத்துக்குச் செய்வது போல, முதுகோரமாகத் துளை போட்டுப் பக்கவாட்டில் தைத்து, மூன்று பக்கமும் கட்டிங் போட்டுவிடுவார்கள். பாடப்புத்தகத்துக்கு அது பல வருடம் உழைக்கும் வேலை. காமிக்ஸுக்கு அதுவே சாவு: தையல் ஒரு சென்டிமீட்டரைத் தின்னும், கட்டிங் ஓரத்தில் இருக்கும் வசனக் குமிழியைச் சீவும். "துளை வேண்டாம், கட்டிங் வேண்டாம்" என்று வாயால் சொல்வதோடு நிற்காமல் ஒரு சீட்டில் எழுதி அட்டையில் செருகிக் கொடுங்கள்.

ஓரிரு தாள் மட்டும் கழன்றிருந்தால் கடைக்கே போக வேண்டாம். வெள்ளை ஃபெவிகாலில் சில சொட்டுத் தண்ணீர் கலந்து, மெல்லிய தூரிகையால் தாளின் உள்ளோரத்தில் ஒரு மயிரிழை மட்டும் தடவி, இடத்தில் செருகி, இருபுறமும் மெழுகுத்தாள் வைத்து மூடி, மேலே நான்கைந்து தடித்த புத்தகங்களை அடுக்கி இரவு முழுவதும் விடுங்கள். பசை கூடிப்போனால் பக்கத்துத் தாளும் சேர்ந்து ஒட்டும். ஒல்லித் தொகுதியில் இது கைக்கு அடங்கும் வேலை. 600 பக்க முதுகில் தூரிகை உள்ளே போகவே இடம் இராது.