ஸ்ட்ராஸ்பர்க் பார்லிமென்ட்டுக்கு 3.5 ஸ்டார், அங்க போற டிராமுக்கு 4.5

மொதல்லயே சொல்லிடறேன், இது ரெண்டுக்கும் சேத்து ஒரே ரிவ்யூ. பிரான்ஸ்ல, ஸ்ட்ராஸ்பர்க்ல இருக்குற ஐரோப்பிய யூனியனோட பார்லிமென்ட்டச் சுத்திப் பாக்கப் போனேன், போற வழில ரைன் ஆத்தத் தாண்டற டிராம்ல போனேன், திரும்பி வந்து யோசிச்சா ரெண்டையும் தனித்தனியா எழுத முடியல.

நான் இருக்கறது ஜெர்மனில, ஆஃபன்பர்க். அங்கேர்ந்து கேல்ங்கற எல்லை ஊர் வரைக்கும் லோக்கல் ட்ரெயின், கேல் ஸ்டேஷன் வாசல்லயே டிராம் நிக்கும், டி லைன். ஏறி உக்காந்தா ரெண்டு நிமிஷத்துல ஆறு, அந்தப் பக்கம் பிரான்ஸ். கேட் கிடையாது, போர்டு கூட பாத்தாத்தான் தெரியும். நாடு மாறிடுச்சுன்னு எனக்குச் சொல்றது என் போன்தான், பாலத்துக்கு நடுவுல போறப்ப டிங்னு ஒரு மெசேஜ் வரும், பிரான்ஸுக்கு வரவேற்கிறோம், உங்க பிளான் இங்கயும் அப்படியே வேலை செய்யும்னு. இந்த டிராம் ஆத்தத் தாண்ட ஆரம்பிச்சது 2017 ஏப்ரல் கடைசில. யூனியன் நாடுகளுக்குள்ள ரோமிங் காசு ஒழிஞ்சது அதே வருஷம் ஜூன் 15. ரெண்டும் ஒண்ணரை மாச வித்தியாசத்துல. அந்த ரோமிங் சட்டத்துக்கு வருஷக்கணக்கா மல்லுக்கட்டுனதுல நான் பாக்கப் போன அதே பார்லிமென்ட்டுக்குப் பெரிய பங்கு இருக்கு, அதனாலதான் சொல்றேன் தனித்தனியா எழுத முடியலன்னு.

டிராம்ல யாரு இருக்காங்கன்னு பாருங்க, அதுவே ஒரு ஷோ. கேல் பக்கம் போறதுல பாதிப் பேரு பிரெஞ்சுக்காரங்க, ஷாம்பு, டயப்பர், சோப்புத்தூள் எல்லாம் ஜெர்மனில மலிவு, சிகரெட் அதைவிட மலிவு, கேல்ல எங்க பாத்தாலும் புகையிலைக் கடைதான். இந்தப் பக்கத்துலேர்ந்து போறவங்க பகெட் ரொட்டிக்கும் சீஸுக்கும் போறாங்க. ஸ்ட்ராஸ்பர்க் 1871ல ஜெர்மனி, 1918ல பிரான்ஸ், 1940ல ஜெர்மனி, 1944ல மறுபடி பிரான்ஸ். இருந்த வீட்ட விட்டு நகராமலே நாலு தடவை நாடு மாறின கிழவிங்க அந்த ஊர்ல இருந்திருக்காங்க. இந்தப் பக்கம் கேல் மட்டும் சும்மாவா, போர் முடிஞ்சப்புறம் ஊர் மொத்தமும் பிரெஞ்சுக்காரங்க கைல போயி, 1953லதான் முழுசா ஜெர்மனிக்குத் திரும்புச்சு. இப்ப அதே ரெண்டு ஊர் சனமும் ஒரே டிராம்ல ஆளுக்கொரு பையோட நிக்குது, பக்கத்துல இருக்குறவன் நகர மாட்டேங்குறான்னுதான் மொறைக்குது.

வழில ஒரு ஸ்டாப் பேரு அரிஸ்டிட் பிரியான். 1929 செப்டம்பர்ல ஜெனீவால எழுந்து நின்னு ஐரோப்பிய நாடுகளுக்குள்ள கூட்டாட்சி மாதிரி ஒரு பந்தம் வேணும்னு பேசுன பிரெஞ்சு மனுஷன். பேசி பத்தே வருஷம், அதே செப்டம்பர் மாசம் போர் ஆரம்பிச்சிருச்சு. 2017 வரைக்கும் இந்த லைன் அவரு ஸ்டாப்போட நின்னுடும், அதுக்கப்புறம்தான் ஆத்தத் தாண்டுச்சு, யோசிச்சு வச்ச மாதிரி இருக்கு, ஆனா தற்செயல்தான்.

சரி பார்லிமென்ட்டுக்கு வருவோம். நடுவுல மாறி இ லைன் பிடிச்சா வாசல்லயே எறங்கலாம். ஒரு விஷயம் ஜாக்கிரதை, பக்கத்துலயே ஐரோப்பா கவுன்சில்னு வேற ஒரு அமைப்போட பெரிய கட்டடம் இருக்கு, அது இந்த யூனியனே இல்ல, 46 நாடு சேந்தது, ஆனா கொடி மட்டும் ரெண்டுக்கும் ஒண்ணு. யூனியனுக்குள்ள வேற ரெண்டு கவுன்சில் தனியா இருக்கு. மூணு கவுன்சிலுக்கும் வித்தியாசம் சொல்றவனுக்கு ஒரு பரிசே குடுக்கலாம்.

நான் மொத தடவை போனப்ப ஐடி கார்ட வீட்லயே வச்சிட்டுப் போயிட்டேன், முழுக்க என் தப்பு, உள்ள போக ஃபோட்டோ ஐடி கட்டாயம். அன்னிக்கு ஆத்தோரப் பூங்காலயே சுத்திட்டு திரும்பிட்டேன், அதுவும் நஷ்டமில்ல, ரெண்டு கரைலயும் ஒரே பூங்கா, நடுவுல நடந்து போற பாலம், 2004ல கட்டுனது. ரெண்டாவது தடவை ஒழுங்கா போனேன், பார்லிமென்ட் கூடுற வாரம். நுழைய காசு கிடையாது. ஏர்போர்ட் மாதிரி செக்கிங். கட்டடத்துக்குப் பேரு லூயிஸ் வைஸ், 1979ல மொத தடவையா மக்கள் நேரடியா ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தப்ப சபைலயே வயசுல மூத்தவங்க அந்தம்மா, தொடக்க உரை அவங்களோடது. அதே 1979ல சபைத் தலைவரா வந்த சிமோன் வேய் ஆஷ்விட்ஸ் முகாம்லேர்ந்து உசுரோட வந்தவங்க, பார்வையாளர் மையத்துக்கு அவங்க பேரு. இந்த ரெண்டு பேரத் தெரிஞ்சுக்கிட்டு உள்ள போனா அந்தக் கண்ணாடிக் கட்டடம் கொஞ்சம் வேற மாதிரித் தெரியுது. தெரியாமப் போனா ஐடி கம்பெனி ஆபீஸ்தான்.

மேல கேலரில ஒரு மணி நேரம் வரைக்கும் உக்காந்து பாக்கலாம். ஹெட்ஃபோன மாட்டுனா 24 மொழி. எனக்கு இதுதான் ஹைலைட். வழக்கமா இது ஒரு போரிங் டெக்னிக்கல் சமாச்சாரம்னு நெனச்சுக் கடந்து போயிடுவாங்க, ஆனா 1965ல மொழிக்காக ஊரே தெருவுல எறங்குன மாநிலத்துக்காரன் நானு, என்னால கடந்து போக முடியல. இவங்க கூட்டமைப்பு ஆரம்பிச்சு 1958ல போட்ட விதிமுறை நம்பர் ஒண்ணு எதைப் பத்தின்னு நெனைக்கறீங்க? வரி இல்ல, நிலக்கரி இல்ல, மொழி. எந்தெந்த மொழி ஆட்சி மொழின்னு. அப்ப நாலு, இப்ப 24. அஞ்சரை லட்சம் பேரு இருக்குற மால்டாவோட மொழியும் அதுல ஒண்ணு. நான் வேணும்னே சேனல மாத்தி மாத்திக் கேட்டேன், ஒரு வார்த்தை புரியல, ஆனா கண்ணாடி அறைக்குள்ள ஒருத்தர் கையாட்டி உணர்ச்சியோட மொழிபெயர்த்துக்கிட்டே இருக்காரு, கீழ பேசுறவரு ஒரு ஜோக் அடிச்சா ரெண்டு செகண்ட் கழிச்சு ஒரு மூலைல சிரிப்பு, இன்னும் ரெண்டு செகண்ட் கழிச்சு இன்னொரு மூலைல சிரிப்பு. ஏன்னா சில மொழிக்கு நேரா மொழிபெயர்க்க ஆள் இல்லாம இன்னொரு மொழி வழியாப் போகும்.

உக்கார்ற விதமும் பிடிச்சது. நாடு வாரியா இல்ல, கட்சி வாரியா. ஜெர்மன் பசுமைக் கட்சி ஆளு பக்கத்துல பிரெஞ்சுப் பசுமைக் கட்சி ஆளு, சொந்த நாட்டுக்காரனோட சண்டை போட அவங்க ஹால் முழுக்கத் தாண்டிப் பாக்கணும்.

ஆனா விவாதம் இருக்கே, அதுக்குத்தான் மார்க் கொறைச்சேன். மீன்பிடி பத்தி ஏதோ ஓடிட்டு இருந்துச்சு, 720 பேருக்கான சபைல அப்ப இருந்தவங்கள விரல் விட்டு எண்ணிடலாம். ஒவ்வொருத்தருக்கும் ஒரு நிமிஷம், ஒண்ணரை நிமிஷம், எழுதி வச்சத வேகமாப் படிச்சிட்டு உக்காந்துடறாங்க. நம்ம சட்டசபை மாதிரி வெளிநடப்பு, மேசை தட்டல் எதிர்பாத்துப் போகாதீங்க. ஓட்டெடுப்பு நேரம் தனி, கூட்டம் அப்பத்தான் வரும், முடிஞ்சா அந்த நேரம் பாத்துப் போங்க. இதைவிடப் பெரிய கொறை, இந்தச் சபை தானா ஒரு சட்டத்த முன்மொழிய முடியாது, அந்த உரிமை கமிஷன் கைல, அதாவது யூனியனோட நிர்வாகத்த நடத்துற அமைப்பு கைல. திருத்தலாம், தடுக்கலாம், கமிஷனுக்குத் தலைவர தேர்ந்தெடுக்கலாம், கமிஷன மொத்தமா வீட்டுக்கும் அனுப்பலாம், ஆனா ‘இப்படி ஒரு சட்டம் கொண்டா’ன்னு கேக்கத்தான் முடியும்.

சீட்டுக் கணக்கும் ஒரு கூத்து. ஜெர்மனிக்கு 96, மால்டாவுக்கு 6. மால்டால கிட்டத்தட்ட 90,000 பேருக்கு ஒரு எம்பி, ஜெர்மனில எட்டரை லட்சத்துக்கு மேல. ஜெர்மன்காரங்க சிலரு இது ஜனநாயகமான்னு கேக்கறாங்க. தொகுதி மறுவரையறை பத்திக் கவலப்பட்டுக்கிட்டு இருக்குற தமிழ்நாட்டுக்காரனுக்கு இது நேர் எதிரா காதுல விழும், சின்னவனுக்கு வேணும்னே கொஞ்சம் கூட வச்சாத்தான் பெரியவன் பக்கத்துல பயமில்லாம உக்காருவான்னு ஒப்பந்தத்துலயே எழுதி வச்சிருக்காங்க. நான் மால்டா கட்சி.

இன்னொண்ணு, இந்தக் கட்டடம் வருஷத்துல 12 கூட்டத்துக்குத்தான். மத்த நாளெல்லாம் வேலை பிரஸ்ஸல்ஸ்ல. மாசாமாசம் பெட்டி பெட்டியா ஃபைல லாரில ஏத்தி இங்க கொண்டு வந்து, நாலு நாள் கழிச்சு திருப்பி எடுத்துட்டுப் போறது. இதை விட்டுட்டு பிரஸ்ஸல்ஸ்லயே இருந்தா வருஷத்துக்கு 11.4 கோடி யூரோ மிச்சம்னு அவங்க தணிக்கை அமைப்பே 2014ல சொல்லியாச்சு. எம்பிக்கள்ல பெரும்பாலானவங்க ஒரே ஊர் போதும்னு ஓட்டுப் போட்டும் பாத்தாச்சு. நடக்காது, ஒப்பந்தத்த மாத்தணும், அதுக்கு எல்லா நாடும் சரின்னு சொல்லணும், பிரான்ஸ் சொல்லாது. தான் எங்க உக்காரணும்னே முடிவு பண்ண முடியாத பார்லிமென்ட்.

இதுல எனக்கு உறைச்ச விஷயம் ஒண்ணு, அது உள்ள போய்ப் பாத்ததுல இல்ல, 2020 மார்ச்ல. நான் வந்து ஆறு மாசம் கூட ஆகல. கோவிட் வந்ததும் ஜெர்மனி எல்லைல செக்கிங் போட்டுச்சு, டிராம் ஆத்துக்கு அந்தப் பக்கமே நின்னுடுச்சு, நடைபாலத்த மூடிட்டாங்க. ஆபீஸ்ல என் பக்கத்து சீட்டு ஆளு ஸ்ட்ராஸ்பர்க்லேர்ந்து வர்றவரு, கைல வேலைச் சான்றிதழ் பேப்பரோட ரோட்டுப் பாலத்துல க்யூல நின்னு வருவாரு, லஞ்ச்ல யாரும் அவரு பக்கத்துல உக்கார மாட்டாங்க, அல்சாஸ் (ஸ்ட்ராஸ்பர்க் இருக்குற பகுதி) ஆளுங்கன்னா நோயின்னு பேச்சு. அதே வாரங்கள்ல அல்சாஸ் ஆஸ்பத்திரில இடமில்லாத நோயாளிங்கள இந்தப் பக்கம் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநில ஆஸ்பத்திரிங்க எடுத்துக்கிட்டு வைத்தியம் பாத்துச்சு, அதையும் சொல்லணும். ஆனா பாலத்த மூடறதுக்கு அந்த 24 மொழி ஹால்ல ஓட்டெடுப்பு நடந்துச்சா? இல்ல. கேல்லயும் ஸ்ட்ராஸ்பர்க்லயும் யாரையாவது கேட்டாங்களா? இல்ல. எல்லைல செக்கிங் திரும்பப் போடறது அந்தந்த நாட்டு அரசாங்கம் தானா முடிவு பண்ணிக்கலாம், யூனியன்கிட்ட தகவல் சொன்னாப் போதும். ஜூன் நடுவுலதான் தெறந்தாங்க. பார்லிமென்ட்டே ஸ்ட்ராஸ்பர்க் பக்கம் வராம 2021 ஜூன் வரைக்கும் பிரஸ்ஸல்ஸ்ல இருந்துச்சு. 2024 செப்டம்பர்லேர்ந்து ஜெர்மனி எல்லா நில எல்லைலயும் மறுபடி செக்கிங், டிராம்ல எப்பவாவது போலீஸ் ஏறுவாங்க, அதனால பாஸ்போர்ட்டும் ரெசிடென்ஸ் கார்டும் கைல வச்சுக்குங்க. அந்த அர ஸ்டார் டிராம்ல கொறைச்சது இதுக்காக, டிராம் கம்பெனிக்காக இல்ல.

சாப்பாடு பத்திக் கேப்பீங்க. பக்கத்துல ஒரு காபிக் கடைல சாண்ட்விச் வாங்குனேன், பேரு வேணாம், அந்தக் காசுக்கு கேல்ல கெபாப் ரெண்டு. கட்டுசோறு கட்டிட்டுப் போயி ஆத்தோரம் உக்காந்து சாப்பிடுங்க. ஞாயித்துக்கிழமை போகாதீங்க, கேல்ல கடை எல்லாம் மூடிருக்கும், டிராம் வெறிச்சோடி இருக்கும், பாதி மஜா போயிடும்.

திரும்பி வர்றப்ப டிராம்ல ஒரு அக்கா, போன்ல தமிழ்ல பேசிக்கிட்டிருந்தாங்க, வச்சதும் நான் பேச்சுக் குடுத்தேன். பாண்டிச்சேரி, நான் விழுப்புரம், அப்புறம் என்ன, பக்கத்து ஊரு. சோப்புத்தூள் வாங்க கேல் போறாங்க. பார்லிமென்ட் பாத்துட்டு வரேன்னேன், “எதுக்கு தம்பி, உள்ள என்ன இருக்கு”ன்னாங்க, முப்பது வருஷமா அதே ஊர்ல இருந்தும் அவங்க போனதில்லையாம். ஆனா 2024ல ஓட்டுப் போட்டாங்களாம். நான் இங்க வரி கட்றேன், ஆனா இந்திய பாஸ்போர்ட், எனக்கு ஓட்டு இல்லைக்கான்னேன். அவங்களுக்கு அது நம்பவே முடியல. “எங்க அண்ணன் பாண்டிச்சேரியத் தாண்டினதே இல்ல, அவரு பிரெஞ்சு நேஷனாலிட்டி, அங்க கான்சுலேட்லயே போடறாரு, நீ இங்க பக்கத்துல இருந்துக்கிட்டு ஓட்டு இல்லைங்கற?”

போன் டிங்னுச்சு, ஜெர்மனி. நான் கேல் ஸ்டேஷன்ல எறங்கிட்டேன், அக்கா ரெண்டு காலிப் பையோட அடுத்த ஸ்டாப்புக்குப் போனாங்க.